மஜுபாவுக்குப் பதக்கம் கிடையாது

ஹெக்டர் மெக்டோனால்டின் பழைய புகைப்படங்களில் முதலில் கண்ணில் படுவது அவருடைய மார்புதான். கனத்த மீசை, அகன்ற தோள், சீருடையின் இடப்பக்கம் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தொங்கும் பதக்கங்கள். ஆஃப்கானிஸ்தான், எகிப்து, சூடான், தென்னாப்பிரிக்கா என்று விக்டோரியா மகாராணி காலத்து பிரிட்டிஷ் ராணுவம் கடைசி இருபது வருடங்களில் போன முக்கியமான இடங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த மார்பில் உண்டு. ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து, துணிக்கடையில் வேலை பார்த்து, சாதாரண சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, மேஜர் ஜெனரல் வரைக்கும் உயர்ந்த மனிதர். அந்தக் காலத்தில் அப்படி உயர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் அவர் மிகத் துணிச்சலாக நின்ற சண்டை எது என்று என்னைக் கேட்டால் அந்தப் பதக்க வரிசையில் அதற்கு இடமே இல்லை என்றுதான் சொல்வேன். 1881 பிப்ரவரி 27, தென்னாப்பிரிக்காவில் மஜுபா மலை. அந்தப் போரில் பிரிட்டன் தோற்றது, தோற்ற போருக்கு, கலந்துகொண்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும் போர்ப் பதக்கத்தை அரசு அடிக்கவில்லை. யாருக்குமே கிடையாது. அங்கே செத்தவர்களுக்கும் இல்லை, பிழைத்தவர்களுக்கும் இல்லை. இந்த ஒரு விஷயம்தான் என்னை மெக்டோனால்டின் கதைக்குள் இழுத்தது, அப்புறம் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை.

1853 மார்ச் மாதம், டிங்வால் ஊருக்குப் பக்கத்தில் ரூட்ஃபீல்டு என்ற இடத்தில் பிறந்தார். அப்பா சிறு குத்தகை நிலம் வைத்திருந்தவர், கல் கொத்தும் வேலையும் தெரிந்தவர். வீட்டில் பேசியது கேலிக் மொழி. பின்னாளில் அந்த மொழிக்காரர்கள் அவரை ‘ஈஹன் நன் காஹ்’, அதாவது போர்களின் ஹெக்டர் என்று கூப்பிட்டார்கள். பையனை முதலில் டிங்வாலில் ஒரு துணிக்கடையில் சேர்த்துவிட்டார்கள். பிறகு இன்வர்னெஸ் நகரத்தில் இன்னொரு ஜவுளிக்கடை. கஜம் போட்டு ட்வீடு துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பையன் 1870-இல், 17 வயதில், 92-ஆவது ரெஜிமெண்டான கோர்டன் ஹைலேண்டர்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதற்கு அடுத்த வருடம், 1871-இல்தான் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆபீசர் பதவியைக் காசு கொடுத்து வாங்கும் முறையை ஒழித்தார்கள். அதுவரைக்கும் ஒரு கேப்டனின் பதவி என்பது விலை போட்டு விற்கப்பட்ட சொத்து. முறை ஒழிந்த பிறகும் நிலைமை ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை, ஏனென்றால் ஆபீசர்கள் கூடிச் சாப்பிடும் மெஸ்ஸின் செலவு, குதிரைச் செலவு, சீருடைச் செலவு எல்லாம் சேர்ந்தால் சம்பளம் போதாது, வீட்டிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தால்தான் காலம் தள்ள முடியும். குத்தகை விவசாயியின் மகனுக்கு வீட்டிலிருந்து என்ன வரும்? ஒன்பது வருடம் படிப்படியாக ஏறி, ஆபீசர் அல்லாத பதவிகளில் ஒன்றான கலர் சார்ஜண்ட் ஆனார். அவரைப் போன்றவர்களுக்கு அதற்கு மேல் போவது குதிரைக்கொம்பு.

1879-இல் ஆஃப்கன் போர் வந்தது. குரம் பள்ளத்தாக்கு வழியாகக் காபூலை நோக்கிப் போகும் பாதையில், தன் கீழிருந்த சில ஆட்களை வைத்துக்கொண்டே மெக்டோனால்ட் எதிரிகளை விரட்டிய சம்பவங்கள் அந்தப் படையை நடத்திய ஜெனரல் ராபர்ட்ஸின் கண்ணில் பட்டன. சாராசியா, காபூல் என்று சண்டைகள் தொடர்ந்தன. 1880-இல் அவருக்கு ஆபீசர் பதவி வந்தது. வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை வேண்டுமா, ஆபீசர் பதவி வேண்டுமா என்று ராபர்ட்ஸே கேட்டதாகவும், பதவியைக் கொடுங்கள், சிலுவையை அப்புறம் நானே சம்பாதித்துக்கொள்கிறேன் என்று இவர் சொன்னதாகவும் ஒரு கதை ஸ்காட்லாந்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, பதவியும் சம்பளமும் வந்தன, சிலுவை கடைசிவரை வரவில்லை. கூட இருந்த சிப்பாய்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆபீசர்கள் இருந்த பக்கம் போய் இறக்கிவிட்டார்கள் என்றும், ஒரு வாளைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். வாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

1880 ஜூலை கடைசியில் மைவாண்டில் ஒரு பிரிட்டிஷ் படை நொறுங்கிப்போனது. காந்தகார் முற்றுகையில் மாட்டிக்கொண்டது. காபூலில் இருந்த ராபர்ட்ஸ் சுமார் 10,000 பேரைத் திரட்டிக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் 500 கிலோமீட்டருக்கு மேல் மூன்றே வாரங்களில் நடந்து காந்தகார் சேர்ந்தார். செப்டம்பர் 1-ஆம் தேதி, மைவாண்டில் வென்ற ஆஃப்கன் தலைவர் அயூப் கானைத் தோற்கடித்தார். இந்த நடைக்காகவே ஒரு தனி நட்சத்திரம் கொடுத்தார்கள்: காபூல்-காந்தகார் நட்சத்திரம். ஐந்து முனை, முனைகளுக்கு நடுவில் சின்னச் சின்ன உருண்டைகள், மேலே கிரீடம். அயூப் கானிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி, அந்த வெண்கலத்தில் பர்மிங்காமில் செய்தார்கள். ரிப்பன் வானவில் போலச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், வெள்ளை, நீலம் என்று ஒன்றில் ஒன்று கரையும்.

அதோடு சேர்ந்து வரும் ஆஃப்கானிஸ்தான் பதக்கம் வெள்ளி. முன்பக்கம் மகாராணியின் தலை, பின்பக்கம் மலையடிவாரத்தில் படை அணிவகுத்துப் போகிறது, நடுவில் ஒரு யானை, அதன் முதுகில் பீரங்கி. அந்தப் படையில் பாதிக்கும் மேல் இந்தியச் சிப்பாய்கள்தான், யானையும் இங்கிருந்து போனதுதான். பிரிட்டிஷ் பதக்கங்களை வாங்குபவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது விளிம்பைத்தான், பெற்றவரின் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். ராபர்ட்ஸின் வோனோலெல் என்ற வெள்ளைக் குதிரைக்குக்கூட மகாராணி இந்தப் பதக்கத்தையும் நட்சத்திரத்தையும் கொடுக்கச் சொன்னார். குதிரை அவற்றைக் கழுத்துப்பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வலம் போனது. காந்தகாருக்கு நடந்த குதிரைக்கு மரியாதை கிடைத்தது நல்ல விஷயம்தான். மஜுபாவில் நின்ற மனிதர்களை நினைக்கும்போதுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆஃப்கானிஸ்தானிலிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டிய கோர்டன்ஸ் பட்டாளம் தென்னாப்பிரிக்காவுக்குத் திருப்பிவிடப்பட்டது. தங்கள் நாடான டிரான்ஸ்வாலைப் பிரிட்டன் சேர்த்துக்கொண்டதை எதிர்த்து போயர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி விவசாயிகள், எழுந்திருந்தார்கள். ஜெனரல் ஜார்ஜ் காலி ராத்திரியோடு ராத்திரியாகச் சுமார் 400 பேருடன் மஜுபா உச்சியில் ஏறி உட்கார்ந்தார். உயரத்தில் இருந்தால் போதும், எதிரி தானாகவே கலைந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, பதுங்குகுழிகூட வெட்டச் சொல்லவில்லை. விடிந்ததும் போயர்கள் கீழேயிருந்து பாறைக்குப் பாறை ஒளிந்து, ஒருவன் சுட இன்னொருவன் ஏற, மேலே வந்துவிட்டார்கள். வேட்டையிலேயே வளர்ந்தவர்களின் குறி. மதியத்துக்குள் பிரிட்டிஷ் வரிசை உடைந்து ஆட்கள் மலைச்சரிவில் விழுந்தடித்து ஓடினார்கள். காலி தலையில் குண்டடிபட்டுச் செத்தார். போயர் தரப்பில் இறந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

உச்சியின் மேற்கு ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு சிறு மேட்டில் மெக்டோனால்ட் சுமார் இருபது பேருடன் நின்றார். மற்ற இடமெல்லாம் விழுந்த பிறகும் அந்த மேடு விழவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். தோட்டா தீர்ந்ததும் கல்லை எடுத்து எறிந்தார்கள், கடைசியில் கையாலேயே அடித்தார்கள். பிடிபட்ட பிறகு அவருடைய வாளைப் பார்த்த போயர் தளபதி பீட் ஜூபேர், அது வீரத்துக்குப் பரிசாக வந்த வாள் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். அந்த மேட்டை இன்றும் அவர் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். எதிரிக்குப் புரிந்தது, ஊர்க்காரனுக்குப் புரிந்தது, லண்டனில் பதக்கம் தீர்மானிக்கும் இடத்துக்கு மட்டும் மஜுபா என்று ஒரு மலையே இல்லாமல் போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இப்போதும் வருகிறது.

அப்புறம் எகிப்து. 1880-களின் நடுவில் அங்கே போனவர், முதலில் போலீஸ் படையில் இருந்துவிட்டு, 1888-இல் எகிப்திய ராணுவத்துக்கு மாறினார். பிரிட்டிஷ் ஆபீசர்கள் பலர் வேண்டாம் என்று ஒதுங்கிய வேலையை இவர் விரும்பி எடுத்துக்கொண்டார்: சூடானியப் பட்டாளங்களைப் பழக்குவது. அந்த வீரர்கள் பெரும்பாலும் தெற்கு சூடானைச் சேர்ந்த கறுப்பர்கள், அடிமைகளாகப் பிடிக்கப்பட்டு விற்கப்பட்டவர்கள் பலர், எகிப்திய ஆட்சியை எதிர்த்துச் சூடானைப் பிடித்த மதத் தலைவர் மஹ்தியின் படையில் இருந்து இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. சாகும்வரை பட்டாளம்தான் அவர்களுக்கு வீடு. பெண்டாட்டி பிள்ளைகளோடு முகாமிலேயே இருப்பார்கள். மெக்டோனால்ட் கடுமையானவர், சார்ஜண்ட் குரல் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை, ஆனாலும் ஆட்கள் அவரை நம்பினார்கள். அவரும் ஒருகாலத்தில் வரிசையில் நின்றவர் என்பது அவர்களுக்குத் தெரியும் அல்லவா.

கெமைஸா 1888, டோஸ்கி 1889. இந்த இரண்டு சண்டைகளின் பெயர்களும் எகிப்துப் பதக்கத்தின் ரிப்பனில் கோக்கும் சின்ன வெள்ளிப் பட்டைகளில் வரும். எகிப்து மன்னர் கெதீவ் கொடுத்த வெண்கல நட்சத்திரத்தில் ஸ்பிங்ஸும் பின்னால் மூன்று பிரமிடுகளும் இருக்கும், ரிப்பன் கருநீலம். டோஸ்கிக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற போர்ச் சேவை விருது கிடைத்தது. வெள்ளை எனாமல் சிலுவை, 1886-இல்தான் புதிதாக உண்டாக்கிய விருது, ஆபீசர்களுக்கு மட்டும். சிப்பாயாக இருந்தபோது செய்த அதே வேலைக்கு இது கிடைத்திருக்காது. 1891-இல் டோகர் சண்டை. 1896-இல் எகிப்திய ராணுவத்தின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிச்சனர் சூடானைப் பிடிக்கக் கிளம்பியபோது மெக்டோனால்ட் ஒரு பிரிகேடுக்குத் தளபதி. ஃபிர்கெட், அபு ஹமத், 1898 ஏப்ரலில் அட்பரா என்று நைல் நதியோடு மேலே மேலே போனார்கள்.

இனி ஓம்துர்மான். 1898 செப்டம்பர் 2.

காலையில், மஹ்திக்குப் பின் சூடானை ஆண்ட கலீஃபாவின் படை நேராக வந்து மோதி, நெருங்க முடியாமலே அழிந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று கிச்சனர் முடிவு கட்டிவிட்டார். எதிரி ஓடி ஊருக்குள் புகுவதற்கு முன் அவனுடைய தலைநகரான ஓம்துர்மானைப் பிடித்துவிட வேண்டும் என்று படையைக் கிளப்பினார். எல்லா பிரிகேடுகளும் தெற்கே நகர, மெக்டோனால்டின் பிரிகேடு வலது கோடியில், பாலைவனத்தை ஒட்டி, மற்றவர்களிடமிருந்து பிரிந்து பின்தங்கி நின்றது. சுமார் 3,000 பேர். சூடானியப் பட்டாளங்கள் மூன்று, 9, 10, 11. எகிப்தியப் பட்டாளம் ஒன்று. கூடக் கொஞ்சம் பீரங்கிகளும் மேக்சிம் எனும் இயந்திரத் துப்பாக்கிகளும். பிரிட்டிஷ் பட்டாளங்களிடம் புது லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கி இருந்தது. இவர்களிடம் ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும் பழைய மார்ட்டினி-ஹென்றி.

சுர்காம் குன்றுக்குப் பின்னால் கலீஃபாவின் பெரிய கறுப்புக் கொடிப் படை அதுவரை அசையாமல் காத்திருந்தது என்பது கிச்சனருக்குத் தெரியாது. அது இப்போது மேற்கிலிருந்து மெக்டோனால்டின் மேல் பாய்ந்தது. 15,000 பேருக்குக் குறையாது. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்ததாகவும், இவர் மாட்டேன் என்று நின்றுவிட்டதாகவும் சொல்கிறார்கள். பின்வாங்கியிருந்தால் முதுகைக் காட்டிய அந்த நிமிஷமே எல்லாரும் தீர்ந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள ராணுவக் கல்லூரி வேண்டியதில்லை, மஜுபா போதும் என்று எனக்குத் தோன்றும்.

கறுப்புக் கொடிப் படை கிட்டத்தட்ட அடங்கிய நேரத்தில், வடக்கே கெர்ரெரி குன்றுகளிலிருந்து இன்னொரு படை இறங்கியது. கலீஃபாவின் மகனும் அலி வத் ஹெலு என்ற தளபதியும் கொண்டுவந்த ஆயிரக்கணக்கானவர்கள். அதாவது மேற்கே பார்த்து நிற்கும் வரிசைக்குப் பக்கவாட்டில், அநேகமாகப் பின்னால். இரண்டு தாக்குதலும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் கதை வேறு. சில நிமிஷ இடைவெளி இருந்தது, அந்த இடைவெளியில்தான் மெக்டோனால்ட் தன் வாழ்க்கையின் பெரிய வேலையைச் செய்தார். முன்னே சுட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு பட்டாளத்தை எடுத்து வடக்கே திருப்பி நிறுத்துகிறார். முன்னால் இருக்கும் எதிரி கொஞ்சம் அடங்கியதும் அடுத்த பட்டாளத்தை எடுத்து அதன் பக்கத்தில் கோக்கிறார். அப்புறம் இன்னொன்று. ஒட்டுமொத்த வரிசையும் செங்கோணமாகத் திரும்பிவிட்டது, ஒரு கணம்கூடச் சுடுவது நிற்கவில்லை. பதட்டத்தில் ஆட்கள் கண்டபடி சுட ஆரம்பித்தபோது, இவர் வரிசைக்கு முன்னால் நடந்து துப்பாக்கிக் குழல்களைக் கையால் தட்டிவிட்டுத் திட்டினாராம். சுடும் துப்பாக்கிகளுக்கு முன்னால்! கடைசியில் ஆளுக்கு இரண்டு மூன்று தோட்டாக்கள்தான் மிச்சம் என்ற நிலையில் எதிரி நின்றான். லிங்கன்ஷயர் பட்டாளம் ஓட்டமாக ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

குதிரைப்படையோடு அன்று அங்கே இருந்த இளம் வின்ஸ்டன் சர்ச்சில் பின்னர் கிச்சனரைக் கடுமையாக விமர்சித்தும் மெக்டோனால்டைப் பெரிதும் புகழ்ந்தும் எழுதினார். அன்றைய வெற்றியைக் காப்பாற்றியது கிச்சனரா மெக்டோனால்டா என்ற சர்ச்சை பத்திரிகைகளில் ஓடியது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அன்று கலீஃபாவின் தரப்பில் 10,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிரிட்டிஷ்-எகிப்தியத் தரப்பில் 50-க்கும் குறைவு. ஈட்டியோடும் வாளோடும் பழைய துப்பாக்கிகளோடும் மேக்சிமை நோக்கி ஓடிவந்த அந்த மனிதர்களும் தங்கள் மண்ணில் நின்றவர்கள். மெக்டோனால்டின் திறமையை நான் மெச்சுகிறேன், அந்தப் போரை மெச்ச முடியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது கஷ்டம்தான், ஆனால் இரண்டும் உண்மை.

மகாராணியின் சூடான் பதக்கத்தின் ரிப்பனைப் பாருங்கள். பாதி மஞ்சள், பாதி கறுப்பு, நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. மஞ்சள் பாலைவனம், கறுப்பு சூடானியர்கள், சிவப்பு பிரிட்டிஷ் படை என்று விளக்கம் சொல்வார்கள். கெதீவின் சூடான் பதக்கம் வேறு. அதில் முன்பக்கம் அரபி எழுத்து, ரிப்பனில் கோக்கும் பட்டைகளில் சண்டையின் பெயர் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். மெக்டோனால்டின் பிரிகேடில் நின்ற சூடானியர்களுக்கும் இது கிடைத்தது. பிரிட்டிஷ்காரரின் பதக்கத்தில் விளிம்பைத் திருப்பினால் பெயர் இருக்கும், இவர்களுடையதில் பல பதக்கங்களில் பெயரே பொறிக்கவில்லை. 9, 10, 11 என்ற எண்களாக மட்டும்தான் அவர்கள் நமக்குத் தெரிகிறார்கள். அந்தச் செங்கோணத் திருப்பத்தைச் செய்து காட்டிய கால்கள் அவர்களுடையவை.

ஓம்துர்மானுக்குப் பிறகு மெக்டோனால்டின் பெயர் ஊரெல்லாம் பரவியது. ‘சண்டைக்கார மேக்’. மகாராணியின் ஏ.டி.சி., அதாவது கௌரவத் துணை அதிகாரி ஆனார், பாராளுமன்றம் நன்றி சொன்னது. 1899-இல் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது ஊர் ஊராக வரவேற்பு, விருந்து, பரிசு வாள். சிகரெட் அட்டையிலும் பத்திரிகைப் படங்களிலும் அவர் முகம். கேம்ப் காபி என்று சிக்கரி கலந்து பாட்டிலில் வரும் கிளாஸ்கோ காபி எசன்ஸ் ஒன்று உண்டு. அதன் லேபிளில் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து காபி குடிக்கும் ஹைலேண்டர் ஆபீசர் இவர்தான் என்று சொல்வார்கள். பக்கத்தில் ஒரு சீக்கியர் தட்டு ஏந்திப் பணியாளாக நிற்பார். அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விகள் எழுந்து, பிற்காலத்தில் தட்டை எடுத்துவிட்டார்கள். இப்போதைய லேபிளில் சீக்கியரும் பக்கத்தில் சமமாக உட்கார்ந்து காபி குடிக்கிறார்.

அதே 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு மறுபடியும் போர் மூண்டது. டிசம்பரில் மாகர்ஸ்ஃபொண்டைன் சண்டையில் ஹைலேண்டு பிரிகேடு விடியற்காலையில் போயர் பதுங்குகுழிகளின் முன்னால் மாட்டிச் சிதறியது. தளபதி வாஹோப் செத்தார். மனமுடைந்து கிடந்த அந்த பிரிகேடைத் தூக்கி நிறுத்த இந்தியாவிலிருந்து மெக்டோனால்டைக் கூப்பிட்டார்கள். 1900 பிப்ரவரியில் பார்ட்பெர்க்கில் காலில் குண்டடிபட்டார். அங்கே போயர் ஜெனரல் குரோன்யே சரணடைந்த நாள் பிப்ரவரி 27. மஜுபா நடந்து சரியாக 19 வருடம். பிரிட்டிஷ் படை அதைப் பழி தீர்த்த நாளாகக் கொண்டாடியது.

தென்னாப்பிரிக்கப் பதக்கத்தில் ஒரு வேடிக்கையான உண்மை உண்டு. 1900-இலேயே போர் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் பின்பக்கத்தில் 1899-1900 என்று வருடம் போட்டு அச்சு தயார் செய்துவிட்டார்கள். போர் 1902 வரை இழுத்தது. வருடத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. பல பதக்கங்களில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்த எண்களின் சுவடு இன்னும் தெரியும். மெக்டோனால்டுக்கு இந்தப் போருக்காகவே சர் பட்டமும் வந்தது, கே.சி.பி. துணிக்கடைப் பையன் சர் ஹெக்டர் ஆனார்.

1902-இல் இலங்கையில் இருந்த பிரிட்டிஷ் படைகளுக்குத் தளபதியாகப் போனார். சண்டையே இல்லாத இடம். அவர் எதிர்த்துப் போரிட்ட போயர்கள் சில ஆயிரம் பேர் தியத்தலாவையில் கைதிகளாக இருந்தார்கள், அவ்வளவுதான். மலைநாடு முழுக்கத் தேயிலை, சென்னை மாகாணத்திலிருந்து போன நம் ஆட்கள் லயங்களில், தோட்டத் துரைமார் பங்களாக்களில். கிளப், விருந்து, குதிரைப் பந்தயம் என்று சுழலும் அந்தத் துரைமார் உலகத்துக்கு மெக்டோனால்டைப் பிடிக்கவில்லை. அவருக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. துரைமாரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்திருந்த தன்னார்வப் படையை அவர் சும்மா விடவில்லை, உண்மையான பட்டாளம் மாதிரி விரட்டினார். விருந்துகளைத் தவிர்த்தார், உள்ளூர்க் குடும்பங்களோடு பழகினார். குடியானவன் மகன் ஒருவன் தங்களை அதட்டுவது பலருக்குப் பொறுக்கவில்லை.

பிறகு குற்றச்சாட்டு வந்தது. 1903 தொடக்கத்தில், உள்ளூர்ச் சிறுவர்களோடு தகாத உறவு வைத்திருந்தார் என்று தோட்டத்துரை ஒருவர் சொன்னதில் ஆரம்பித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் புகார்கள். ஆளுநர் ரிட்ஜ்வே அவரை விடுப்பில் லண்டனுக்கு அனுப்பினார். ஆப்கானிஸ்தானில் அவரைத் தூக்கிவிட்ட அதே ராபர்ட்ஸ் இப்போது தலைமைத் தளபதி. இலங்கைக்குத் திரும்பிப் போய் ராணுவ நீதிமன்றத்தைச் சந்திக்கச் சொன்னார். போகும் வழியில் பாரிஸில், ரெஜினா ஹோட்டலில் தங்கினார். மார்ச் 25 காலையில் நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையின் ஐரோப்பியப் பதிப்பில் தன் பெயரும் படமும் குற்றச்சாட்டுச் செய்தியோடு வந்திருப்பதைப் பார்த்தார். அறைக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். 50 வயது முடிந்து மூன்று வாரம்.

இது பொறாமைக்காரர்களின் சதி என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். குற்றம் செய்தவர்தான் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டு பக்கமும் போகவில்லை, காரணம் விசாரணை நடக்கவே இல்லை. துரைமாரின் வெறுப்பு உண்மை, அது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த வெறுப்பு இருந்தது என்பதாலேயே புகார் பொய் ஆகிவிடாது. அவருக்காக அழுகிற எழுத்துகளில் அந்தச் சிறுவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி கேட்பதில்லை. அவர்களுக்கு ஏதாவது நடந்திருந்தால் அதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது, நடக்கவில்லை என்றால் மெக்டோனால்டுக்கும் அதே நீதிமன்றம்தான் வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் அவரைத் தீவிலிருந்து கிளப்பிவிட்டதில் காப்பாற்றப்பட்டது துரைமார் உலகத்தின் மானம் மட்டும்தான்.

அவர் இறந்த பிறகுதான் அவருக்கு ஒரு மனைவி இருக்கிறார், மகன் இருக்கிறான் என்பதே வெளியே தெரிந்தது. 1884-இல் கிறிஸ்டினா டங்கன் என்ற இளம்பெண்ணை ரகசியமாக மணந்திருந்தார். கல்யாணமான ஆபீசர்களைக் கிச்சனருக்குப் பிடிக்காது. மனைவியை மறைத்து வைத்த வருடங்களில்தான் அந்தப் பதக்கங்களில் பெரும்பாலானவை சேர்ந்தன. வருடத்துக்கு ஒருமுறைகூடச் சந்திக்காத குடும்ப வாழ்க்கை. ஒரு பதக்கத்தைப் பார்க்கும்போது அதைப் பெற்றவரின் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று நாம் நினைப்பதில்லை. கிறிஸ்டினா காத்திருந்தார், கடைசியில் கிடைத்தது உடல்.

மார்ச் 30 அதிகாலை, எடின்பரோ டீன் கல்லறைத் தோட்டத்தில், விடிந்தும் விடியாமலும் அடக்கம் செய்தார்கள். ராணுவ மரியாதை இல்லை, கூட்டம் சேரக்கூடாது என்று அவசரம். செய்தி கசிந்ததும் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று கல்லறையைத் தாண்டிப் போனார்கள். சாதாரண ஜனங்கள், கடைக்காரர்கள், பழைய சிப்பாய்கள். டிங்வாலில் மக்களின் நன்கொடையில் மலைமேல் நூறடி உயரக் கோபுரம் எழுப்பினார்கள், 1907-இல் முடிந்தது. ஊருக்குள் எங்கிருந்து நிமிர்ந்தாலும் தெரியும்.

அவர் சாகவில்லை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். பெட்டியில் கல்தான் இருந்தது, மேக் ஜெர்மனிக்குப் போய்விட்டார், முதல் உலகப்போரில் ஜெர்மானியப் படையை நடத்திய பீல்டு மார்ஷல் மக்கென்சன் உண்மையில் இவர்தான் என்று பேச்சு பரவியது. மக்கென்சன் சாக்சனியில் பிறந்து, இரண்டாம் உலகப்போரின் முடிவையும் பார்த்துவிட்டு 1945-இல் இறந்தவர். மெக்டோனால்ட் இறப்பதற்கு வெகு காலம் முன்பே ஜெர்மன் படையில் இருந்தவர். இதெல்லாம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லியும் அந்தப் பேச்சு போர் முடியும்வரை ஓயவில்லை. பிரிட்டிஷ் அரசுத் தரப்பில் யாராவது ஒருவர் 1903-இலேயே வெளிப்படையாக ஒரு விசாரணை வைத்து, என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று பதிவு செய்திருந்தால் அந்த வதந்தி பிறந்தே இருக்காது.